மேஜைமேல் ஒரு போர்க்களம்

விதிப்புத்தகம் படிப்பதில் ஒரு சுகம் உண்டு என்று சொன்னால் நம் சங்க அன்பர்கள் சிரிக்கக்கூடும். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, 1982 முதல் 2019 வரை ரயில்வேயில் இருப்புப் பாதைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அங்கே பொது விதிகள், துணை விதிகள் என்று தடிமனாக ஒரு புத்தகம் உண்டு. பரீட்சைக்காக அதைப் படிப்பவர்கள் அதிகம்; பிரியத்தோடு படிப்பவர்கள் குறைவு. நான் இரண்டாவது ரகம்.

அந்தப் பிரியமே என்னை வேறொரு வகை விதிப்புத்தகத்திடம் கொண்டுபோய் விட்டது. சின்னஞ்சிறு பொம்மைப் படைவீரர்களை மேஜைமேல் அணிவகுத்து நிறுத்தி, அளவுநாடாவும் பகடையும் கொண்டு இருவர் ஆடும் போர் விளையாட்டின் விதிப்புத்தகங்கள் அவை. பெரும்பாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளிவந்தவை. அவற்றின் பழைய பிரதிகளைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள். மங்கிய தாள், தட்டச்சு எழுத்து, கோட்டோவியம், இவற்றில் அப்படி என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

சதுரங்கம் முதல் சிறு போர் வரை

இந்தக் கதையின் முதல் நிலையம் நம் நாட்டில்தான் இருக்கிறது. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நான்கு அங்கங்களைக் கொண்ட சதுரங்கம் பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. 1780ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹெல்விக் என்பவர் அந்தப் பலகையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களாகப் பெருக்கினார். மலை, நீர், சதுப்பு என்று கட்டங்களுக்கு நிறம் கொடுத்தார். பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் என்பவர் கட்டங்களையே விட்டுவிட்டு, நிலத்தோற்றத்தை அச்சுகளாகச் செய்து 1812இல் மன்னருக்குக் காட்டினார். ராணுவ அதிகாரியான அவர் மகன் 1824இல் அதை முறையான விதிநூலாக வெளியிட்டார். 8,000க்கு 1 என்ற அளவில் வரைபடம், சிவப்பு, நீல நிறக் கட்டைகள், பகடை, நடுவர், ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிட நேரம் என்று எல்லாம் வரையறுக்கப்பட்டிருந்தன. முதலில் அசட்டையாகப் பார்க்க வந்த தலைமைத் தளபதி முஃப்லிங், இது விளையாட்டல்ல, போர்ப் பயிற்சி என்று வியந்ததாகச் சொல்வார்கள். 1870-71இல் பிரான்ஸைப் பிரஷ்யா தோற்கடித்த பிறகு மற்ற நாட்டு ராணுவங்களும் இதைக் கற்றுக்கொள்ளத் தொடங்கின.

ராணுவ அலுவலகத்திலிருந்து இதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்து புகழ் சேர்த்தவர், 'டைம் மெஷின்' எழுதிய எச்.ஜி.வெல்ஸ். அவருடைய 'லிட்டில் வார்ஸ்' 1913இல் வந்தது. இங்கிலாந்தில் பிரிட்டன்ஸ் கம்பெனி 1893 முதல் உள்ளீடற்ற ஈயப் பொம்மைச் சிப்பாய்களை வார்த்து விற்றுவந்தது. ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியும் கடைகளில் கிடைத்தது. வெல்ஸும் நண்பர்களும் தரையில் படுத்துக்கொண்டு அந்தப் பீரங்கியால் சிப்பாய்களைச் சுட்டுச் சாய்த்தார்கள். காலாள் ஒரு முறைக்கு ஓர் அடி நகரலாம், குதிரை இரண்டு அடி நகரலாம். அருகில் நாலு பேராவது இருந்தால்தான் பீரங்கியை இயக்கலாம். இப்படி எளிய விதிகள். வெல்ஸ் அவற்றைச் சட்டம்போல ஒப்பிக்கவில்லை. இப்படி ஆடினோம், இந்தத் தகராறு வந்தது, அதனால் இந்த விதியை வைத்தோம் என்று கதைபோலச் சொல்லிக்கொண்டு போகிறார்.

ரயில்வேயில் எங்கள் மூத்தவர்கள் ஒன்று சொல்வார்கள்: விதிப்புத்தகத்தின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு விபத்து இருக்கிறது. இந்தப் புத்தகங்களில் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு வாக்குவாதம் இருக்கிறது.

மூன்று அளவுகோல்கள்

விதிகளை எழுதுவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1959 முதல் ஏர்ஃபிக்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி சிறு பிளாஸ்டிக் சிப்பாய்களைப் பெட்டி பெட்டியாக விற்றது. மலிவான விலை. அதனால் பள்ளிப் பிள்ளைகள் கையிலும் படைகள் சேர்ந்தன. பெட்டியின் மேல் போட்டிருந்த அளவு ரயில் மாதிரி செய்பவர்களின் அளவு. அதாவது ஆள் சுமார் 24 மில்லிமீட்டர் உயரம். ஏறக்குறைய 72இல் 1 பங்கு.

இப்போது கணக்குப் பாருங்கள். பழைய துப்பாக்கி 100 கெஜ தூரத்துக்கு ஓரளவு குறி தவறாமல் சுடும் என்று வைத்துக்கொள்வோம். 100 கெஜம் என்பது 91 மீட்டர். அதை 72ஆல் வகுத்தால் 1.27 மீட்டர். சாப்பாட்டு மேஜையின் முக்கால் நீளம் அதிலேயே போய்விடும்! பிறகு படை நகர இடம் ஏது? ஆகவே ஆளுக்கு ஓர் அளவுகோல், நிலத்துக்கு அதைவிடச் சுருங்கிய இன்னோர் அளவுகோல், நேரத்துக்கு மூன்றாவது ஒன்று என்று மூன்றையும் தனித்தனியே தீர்மானிக்க வேண்டும். ஒரு பொம்மை ஒரே ஆளைக் குறிக்கும், அல்லது இருபது ஆட்களைக் குறிக்கும்.

இது பொய்க்கணக்கு என்று நினைக்க வேண்டாம். ரயில் பாதையின் நெடுக்குவெட்டுப் படத்தை நாங்களும் இப்படித்தான் வரைவோம். நீளத்துக்கு ஓர் அளவு, உயரத்துக்கு அதைவிடப் பெரிய அளவு. இரண்டையும் ஒரே அளவில் வரைந்தால் 200இல் 1 ஏற்றம் கண்ணுக்கே தெரியாது. ரயில் மாதிரி செய்பவர்களுக்கும் இதே பாடுதான். ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானதாக இருந்த கரக்பூர் பிளாட்பாரம் சுமார் 1,072 மீட்டர். அதை 87இல் 1 பங்காகச் செய்தாலும் 12 மீட்டருக்கு மேல் வரும். எந்த வீட்டில் வைப்பது? எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாது என்று தெரிந்தவனே நல்ல வரைபடக்காரன். நல்ல விதி எழுதுபவனும் அவனே.

அடுத்தது பகடை. ஒரு பகடையை உருட்டினால் 1 முதல் 6 வரை எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு. இரண்டை உருட்டிக் கூட்டினால் 36 வழிகளில் 7 வருவதற்கு ஆறு வழி. 12 வருவதற்கு ஒரே வழி. பயிற்சி பெற்ற படை பெரும்பாலும் எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளும், எப்போதாவதுதான் அதிசயம் நிகழும் என்று காட்ட வேண்டுமானால் இரண்டு பகடை போதும். சில விதிப்புத்தகங்களில் 2, 3, 3, 4, 4, 5 என்று எண் பொறித்த தனிப் பகடை உண்டு. சராசரி அதே மூன்றரைதான். ஆனால் ஆட்டம் குறைவு. நம் தாயக்கட்டையின் முகங்கள் மற்றப் பகடையிலிருந்து மாறியிருப்பதும் ஆட்டத்தின் போக்கை மாற்றுகிறது அல்லவா? அதே தத்துவம்தான்.

எழுதியவர்கள் யார்?

1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய 'வார் கேம்ஸ்' வெளிவந்தது. இவர் இரண்டாம் உலகப்போரில் டாங்கிப் படையில் இருந்தவர். பிறகு சவுத்தாம்ப்டன் கால்பந்துக் குழுவின் இயன்முறை மருத்துவராகப் பணி செய்தவர். புராதனப் போர், துப்பாக்கிக் காலத்துப் போர், நவீனப் போர் என்று மூன்று காலங்களுக்கு விதிகளைத் தன் புத்தகத்தில் கொடுத்தார். அவற்றில் இரண்டு, அவருடைய நண்பர்கள் டோனி பாத், லயனல் டார் ஆகியோர் ஆக்கியவை. 1967இல் பிரிகேடியர் பீட்டர் யங், கர்னல் லாஃபோர்ட் இருவரும் சேர்ந்து 'சார்ஜ்!' எழுதினார்கள். யங் போரில் வீரப் பதக்கங்கள் பெற்றவர். லாஃபோர்ட் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 16ஆவது பஞ்சாப் ரெஜிமெண்டின் வரலாற்றை எழுதிய இருவரில் ஒருவர்.

1969இல் ஃபில் பார்க்கரும் நண்பர்களும் புராதனப் போர்களுக்கான விதிகளை வெளியிட்டார்கள். மெல்லிய புத்தகம், ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் சட்டப்பிரிவுபோல இறுகியிருக்கும். அந்த நடைக்கு அவர் பெயரை வைத்தே 'பார்க்கரீஸ்' என்று கேலியாகப் பட்டம் கொடுத்தார்கள். அவரே 1990இல் வந்த இன்னொரு நூலில் படை முழுவதையும் பன்னிரண்டே துண்டுகளுக்குச் சுருக்கிக் காட்டினார். ஒவ்வொரு முறையும் ஒரு பகடை. அதில் விழுந்த எண்ணளவுக்குத்தான் படைகளை நகர்த்தலாம். தளபதி நினைத்ததெல்லாம் களத்தில் நடப்பதில்லை என்ற உண்மையை ஒரே பகடை சொல்லிவிடுகிறது. அந்நூலின் பிற்காலப் பதிப்புகளில் உலகப் படைகளின் பட்டியலில் பண்டைத் தமிழர் படையும் யானைகளோடு இடம்பெற்றிருக்கிறது என்பது நம்மவர்களுக்குச் சந்தோஷமான செய்தி.

அமெரிக்காவில் 1971இல் கைகாக்ஸ், பெரென் இருவர் எழுதிய 'செயின்மெயில்' என்ற விதிநூலின் பின்பகுதியில் மந்திரவாதியும் டிராகனும் நுழைந்தார்கள். அதன் வழியில் 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பிறந்தது. இன்று நம் பேரப்பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஒரு வீரனாக மாறி, படிப்படியாக ஆற்றல் பெற்று ஆடும் பல விளையாட்டுகளுக்கு அதுவே மூதாதை.

கரக்பூர் வராந்தா

இவையெல்லாம் எனக்கு எப்படிப் பழக்கம்? 1984இல் கரக்பூரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற ஆங்கிலோ-இந்திய மெயில் டிரைவர் ஒருவர் இருந்தார். இங்கிலாந்தில் குடியேறிய தங்கை அனுப்பிய ஃபெதர்ஸ்டோன் புத்தகமும், நாலைந்து பெட்டி ஏர்ஃபிக்ஸ் சிப்பாய்களும் அவரிடம் இருந்தன. எதிராளிதான் இல்லை. விதிப்புத்தகத்தில் எனக்கு இருந்த ஆர்வத்தைக் கண்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர் வீட்டுச் சிவப்புத் தரை வராந்தாதான் போர்க்களம். புத்தகங்கள் குன்றுகள், கிழிந்த நீலப் புடவை ஆறு, அளப்பதற்கு என்னுடைய ஸ்டீல் டேப். சிப்பாய்கள் போதாதபோது அட்டையில் தீக்குச்சிகளைக் குத்தி நிறுத்துவோம். என் மனைவி ஒருநாள் காபி கொண்டுவந்தவள், "என்னங்க இது, ரெண்டு பெரியவங்களும் தரையிலே தவழ்றீங்க!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் புத்தகத்தின் ஓரங்களெல்லாம் பென்சில் எழுத்து. குதிரைப்படை ரயில்வே கரையைக் கடந்தால் வேகம் பாதி என்று ஒரு குறிப்பு. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. தளபதியின் ஆணையைச் சுமந்து போகும் குதிரைவீரன் போய்ச் சேரும்வரை அந்தப் படை பழைய ஆணைப்படியே நடக்க வேண்டும். கையில் டோக்கன் வாங்காமல் ஒற்றைப் பாதையில் வண்டியை நகர்த்தியறியாத டிரைவருக்கு இப்படித்தானே தோன்றும்! மலைமேல் நிற்பவர்களுக்கு எதிரி எந்தத் தூரத்தில் கண்ணில் படுவான் என்பதற்கு நான் ஒரு விதி எழுதினேன். இருவரும் மூன்று வாரம் விவாதித்துவிட்டு, அதை ஒரு சீட்டில் எழுதி அந்தப் பக்கத்தில் ஒட்டினோம். ரயில்வே விதிப்புத்தகத்தில் திருத்தச் சீட்டு ஒட்டுவதுபோலவே.

1989இல் அவர் மகளோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். புத்தகமும் கூடவே போயிற்று. சில ஆண்டுகளில் கடிதம் நின்றது. பின்னர் அவர் காலமான செய்தி வந்தது. பழைய சாமான்களெல்லாம் என்னவாயின என்று நான் யாரிடம் கேட்பது?

ஓய்வு பெற்ற பிறகு அதே புத்தகத்தின் மறுபதிப்பு ஒன்றை வாங்கினேன். நல்ல தாள், தெளிவான அச்சு. எல்லாப் பக்கமும் இருந்தது. ஓரங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. பழைய பிரதிகளைத் தேடுகிறவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. இந்தப் புத்தகங்களை ஆசிரியர்கள் முடித்துவைக்கவில்லை. உங்களுக்குச் சரியென்று தோன்றியபடி மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஃபெதர்ஸ்டோன் போன்றவர்கள் வெளிப்படையாகவே அழைத்தார்கள். மீதியை எழுதியவர்கள் வாசகர்கள். ஒரு பிரதி பழைய காகிதக் கடைக்குப் போனால், அச்சிட்ட பகுதி வேறு எங்காவது கிடைக்கும். பென்சிலில் எழுதியது அதோடு போயிற்று.

திறந்து கிடக்கும் விதி

இன்றைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளை நான் குறை சொல்லப் போவதில்லை. என் பேரனோடு நானும் ஆடுகிறேன். தோற்கிறேன். ஆனால் அங்கே விதி இயந்திரத்துக்குள் இருக்கிறது. குதிரை ஏன் இத்தனை தூரம்தான் ஓடுகிறது என்று பையன் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. கேட்கவும் அவனுக்குத் தோன்றுவதில்லை.

பழைய விதிப்புத்தகம் இருவருக்கும் நடுவே திறந்து கிடக்கும். அதிலுள்ள ஒவ்வொரு விதியும் உலகம் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றிய ஓர் அபிப்பிராயம். பாதிப்பேர் விழுந்த படை பகடை உருட்டிப் பார்த்துப் பின்வாங்க வேண்டும் என்றால், மனிதர்கள் சாவதற்கு முன்பே மனம் உடைந்துபோகிறார்கள் என்று பொருள். நான் அப்படி நினைக்கவில்லை என்று பையன் வாதாடலாம். எதிராளியை ஒப்புக்கொள்ளச் செய்தால் விதியை மாற்றலாம். அளக்கும்போது நாடாவை அரை அங்குலம் இழுத்துப் பிடிக்காமல் இருப்பதும் அவன் பொறுப்பே. கண்காணிக்க யாரும் இல்லை. எதிரே இருப்பவரின் நம்பிக்கையில்தான் ஆட்டமே நடக்கிறது.

அது சரி, பிள்ளைகளுக்குப் போரையா சொல்லிக்கொடுப்பது என்று தாய்மார்கள் கேட்பது நியாயம். வெல்ஸ் போரை வெறுத்தவர். இந்தச் சிறு போரை மூன்று நாலு தடவை ஆடிப் பார்த்தால் உண்மைப் போர் எவ்வளவு அலங்கோலமான காரியம் என்று எவருக்கும் புரிந்துவிடும் என்ற கருத்தைத் தன் புத்தகத்தின் முடிவில் சொன்னார். அடுத்த ஆண்டே, 1914இல், முதல் உலகப்போர் மூண்டது. அவர் சொல் தோற்றதா என்றால், போரைத் தொடங்கியவர்கள் அவர் பேச்சைக் கேட்டவர்கள் அல்லர். நான் கண்டது இதுதான்: பொம்மைப் படையானாலும், நாம் போட்ட திட்டம் ஐந்தாவது நிமிடத்திலேயே குலைந்துபோவதைப் பார்த்தவன் போரைப் பற்றி வாய்ச்சவடால் பேசமாட்டான்.

வீட்டிலேயே ஆட

விருப்பமுள்ள குடும்பங்களுக்கு ஒரு சிறு விதித்தொகுப்பு தருகிறேன். செலவு இல்லை. ஒரு பக்கத்துக்குப் புளியங்கொட்டை, மறுபக்கத்துக்குச் சட்டைப் பொத்தான்.

1. ஆறடிக்கு நாலடி இடம். ஒவ்வொருவருக்கும் காலாள் 20, ஐந்தைந்தாக நாலு குழு. பாட்டில் மூடிகள் ஐந்து, குதிரைப்படை. அது ஒரு குழு.

2. முறைவைத்து ஆட வேண்டும். காலாள் 15 சென்டிமீட்டர், குதிரை 30 சென்டிமீட்டர் நகரலாம். குன்றில் ஏறினால் பாதி.

3. 30 சென்டிமீட்டருக்குள் எதிரி இருந்தால் காலாள் குழு ஒரு பகடை உருட்டிச் சுடலாம். 5 அல்லது 6 விழுந்தால் எதிரியில் ஒருவர் போனார். அவர் மறைவில் இருந்தால் 6 மட்டுமே செல்லும்.

4. இரு குழுக்கள் மோதினால் ஆளுக்கொரு பகடை. குன்றின்மேல் நிற்பவருக்கு ஒன்று கூட்டிக்கொள்ளலாம். குறைந்த எண் பெற்றவர் இரண்டு ஆட்களை இழந்து 15 சென்டிமீட்டர் பின்வாங்க வேண்டும். சமமானால் இருவருக்கும் ஒருவர் நஷ்டம்.

5. பாதிக்குமேல் இழந்த குழு ஒவ்வொரு முறையும் பகடை உருட்ட வேண்டும். 1 அல்லது 2 விழுந்தால் அது களத்தை விட்டு ஓடிப்போகும்.

6. விதியில் இல்லாத பிரச்சினை வந்தால் இருவரும் ஒருமுறை மட்டும் தம் கட்சியைச் சொல்லலாம். ஒத்துப்போகாவிட்டால் பகடை தீர்மானிக்கும். ஆட்டம் முடிந்ததும் இருவரும் பேசி ஒரு விதி செய்து நோட்டில் எழுத வேண்டும்.

மறைவில் இருந்தால் மூன்றில் ஒன்றாக இருந்த ஆபத்து ஆறில் ஒன்றாகிறது, அதாவது சரிபாதி. அது சரியா, அதிகமா, குறைவா என்பதைப் பிள்ளைகள் பேசட்டும். வெல்ஸ் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வேண்டியவர்கள் அதிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆறாவது விதியை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நோட்டில் தேதியும், விதியை எழுதிய இருவர் பெயரும் இருக்கட்டும். கோடை விடுமுறையில் நம் சங்கத்தில் பிள்ளைகள் கூடும்போது அந்த நோட்டுகளைக் கொண்டுவந்தால் ஒருவர் விதியை மற்றவர் பார்த்து ஆடலாம். ஸ்டீல் டேப்போடு நடுவராக உட்கார நான் தயார்.